தலச்சேரியில் ஒரு இரும்பு ஸ்டூல்

சென்னையிலிருந்து மங்களூர் மெயிலில் தலச்சேரிக்கு டிக்கெட் போட்டபோது மனதில் இருந்ததெல்லாம் பிரியாணிதான். கைமா அரிசியில் செய்யும் அந்த ஊர் பிரியாணியைப் பற்றிப் பேசியே ஆபீஸ் நண்பன் மூன்று வருடமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் தங்கைக்குக் கல்யாணம். சாப்பிட்டு, கோட்டையையும் கடலையும் பார்த்துவிட்டு, ஞாயிறு ராத்திரி வண்டி ஏறிவிடுவதாகத் திட்டம்.

பிரியாணி நன்றாகவே இருந்தது. அதைப் பற்றி எழுத ஊரில் ஆள் இருக்கிறார்கள். 1708ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கட்டிய கோட்டையை அரை மணி நேரத்தில் சுற்றியாகிவிட்டது.

தலச்சேரிக்காரர்கள் தங்கள் ஊருக்கு மூன்று ‘சி’ என்று பெருமை அடிப்பார்கள்: கிரிக்கெட், கேக், சர்க்கஸ். கேக்குக்கு 1883ல் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட மம்பள்ளி பாப்பு. சர்க்கஸுக்குக் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். களரி தெரிந்தவர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். பம்பாயில் 1880ல் சர்க்கஸ் தொடங்கிய விஷ்ணுபந்த் சத்ரே இங்கே வந்து கூடாரம் போட்டபோது இந்தக் குஞ்ஞிக்கண்ணனைப் பிடித்துக்கொண்டார். 1901ல் குஞ்ஞிக்கண்ணன் சிறக்கரையில் பயிற்சிக்கூடமே திறந்துவிட்டார். அப்புறம் வந்த கம்பெனிகள் பலவற்றுக்கும் வேர் இந்த ஊர்தான்.

இதெல்லாம் நண்பன் ஸ்கூட்டரில் கத்திக்கொண்டே சொன்னது. கடைசியில் சாதாரணமாக, “எங்க அம்மாவனும் சர்க்கஸ்தான்டா, யானை ட்ரெயினர்” என்றான். அம்மாவன் என்றால் தாய்மாமன். இதை மூன்று வருடமாகச் சொல்லவில்லை. பிரியாணியைச் சொன்னான்!

ஓட்டு வீடு. முற்றத்தில் பலாமரம். அம்மாவனுக்கு எழுபது தாண்டியிருக்கும். வெள்ளை முண்டு, பனியன், இரண்டு முட்டியிலும் தைலம் மணக்கிறது. தமிழ் நன்றாக வருகிறது. மதுரை, திருச்சி, கோவை என்று மாதக்கணக்கில் கேம்ப் போட்டுப் பழகிய தமிழ். நடுநடுவே இந்தியும் மலையாளமும் வந்து விழும். சின்ன வயதில் கோவை வ.உ.சி. மைதானத்தில் யானை சிவலிங்கத்துக்குப் பூஜை செய்ததை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் என்றேன். “அது நம்ம ஐட்டம்தான். எல்லாக் கம்பெனிலயும் அந்த ஐட்டம் உண்டு மோனே” என்றார்.

குட்டி யானையைப் பற்றிக் கேட்டதும் முதலில் கைதான் பேசியது. நெஞ்சுக்கு நேராக உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தார். “இத்தன உயரம். மூணு வயசு.” அதற்கப்புறம் பேசி முடிக்கும்வரை அந்தக் கை அடிக்கடி அதே உயரத்துக்குப் போய் நின்றது.

1975ல் கம்பெனி மேனேஜரோடு பீகாரில் சோன்பூர் சந்தைக்குப் போயிருக்கிறார். கங்கையும் கண்டகியும் சேரும் இடத்தில் கார்த்திகைப் பௌர்ணமிக்குக் கூடும் சந்தை. யானைக்கென்றே தனிப் பஜார். இரண்டு குட்டிகள் வாங்கினார்கள், இரண்டும் பெண். ஏன் பெண்? “ஆணுக்கு மதம் வரும். மாசக்கணக்கா கட்டிப் போட்டுத் தீனி போட எந்த முதலாளி சம்மதிப்பான்?” 1977ல் யானையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குக் கொண்டுபோனார்கள், அப்புறம் இப்படிச் சந்தையில் கைகாட்டி வாங்குவது லேசில்லாமல் ஆகிவிட்டது. மாலா, சம்பா என்று பேர் வைத்தார்கள்.

கூட்ஸ் வேகனில் நாலு நாள் பயணம். குட்டிகளுக்கு நடுவில் வைக்கோலில் படுக்கை. முதல் ராத்திரி முழுக்கச் சம்பா கத்தியிருக்கிறாள். விடியற்காலையில் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால் தும்பிக்கை நுனியைத் தானே வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நிற்கிறாள். “பிள்ளைங்க விரல் சூப்புற மாதிரி.” இவர் கையை நீட்டியிருக்கிறார். தும்பிக்கையை எடுத்துவிட்டு இவருடைய நாலு விரலையும் உள்ளே வாங்கிக்கொண்டாள். பயமாக இல்லையா என்றேன். “யானைக்கு முன்பல்லே கிடையாது. எல்லாம் உள்ளே, கடைவாய்ல. கடிக்காது. நாக்கு மட்டும் சூடா, வழுவழுன்னு இருக்கும்.” சொல்லும்போது நாலு விரலையும் சேர்த்துக் குவித்துக் காட்டினார். வயதான விரல்கள், நகம் தடித்துப்போயிருந்தது.

பயிற்சியை அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். முதல் மாதம் ஐட்டமே கிடையாது. பேண்டு வாத்தியத்துக்குப் பக்கத்தில் நிறுத்தித் தீனி போடுவது, அவ்வளவுதான். டிரம் அடித்தால் யானைக்குக் காதில் மட்டுமில்லாமல் பாதத்திலும் தெரியுமாம், அந்த மிரட்சி போக வேண்டும். அப்புறம் சிங்கக் கூண்டு. வாசனை பழகும்வரை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குட்டி இவருடைய முண்டைத் தும்பிக்கையால் பிடித்துக்கொண்டே நடக்குமாம்.

பிறகு கால் தூக்குவது. முன்னங்காலில் கயிற்றைக் கட்டி, கூடாரக் கம்பத்துக் கப்பியில் போட்டு, சொல்லைச் சொல்லிக்கொண்டே இழுக்க வேண்டும். கால் மேலே வந்தவுடன் வெல்லம். சொல், கயிறு, வெல்லம். ஒருநாள் கயிற்றை இழுக்காமல் சொல்லை மட்டும் சொன்னால் கால் தானாக வரும். மாலாவுக்குப் பன்னிரண்டு நாள். சம்பாவுக்கு ஒன்றரை மாதம். உட்காரவைப்பது அதைவிட லேசு என்றார். மாட்டுக்குப் பின்னங்கால் முட்டி வயிற்றை ஒட்டி மேலே மறைந்திருக்கும், யானைக்கு மனுஷனைப் போலக் கீழே இருக்கும். ஆனால் பின்னங்காலில் மட்டும் நிற்கவைப்பது கெட்ட வேலை. யானையின் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்கால்தான் தாங்குகிறது. “அத்தனையையும் பின்னாடி கொண்டுபோறோம்ல. பாவம்.”

“அடிச்சதில்லையா?”

கேட்டது நான்தான். நண்பன் வேறு பக்கம் பார்த்தான்.

“அடிக்காம பின்னே?” என்றார், கொஞ்சமும் தயங்காமல். காதுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தோலைத் தன் காதிலேயே தொட்டுக் காட்டினார். “தோட்டியை இங்க வைக்கணும்.” அங்குசத்துக்கு மலையாளத்தில் தோட்டி. “வலிக்கும் மோனே. வலிக்காட்டி அதை எதுக்கு வச்சிருக்கோம்?”

இந்த மாதிரி ஆட்களிடம் நான் எதிர்பார்த்துப் போவது ஒன்று வருத்தம், இல்லையென்றால் ‘அன்பால் மட்டுமே பழக்கினோம்’ என்ற கதை. அம்மாவன் வெல்லத்தைச் சொன்ன அதே குரலில் தோட்டியையும் சொல்லிவிட்டு, “சாயா குடிக்கிறியா?” என்றார். எனக்குத்தான் சாயா கொஞ்ச நேரம் இறங்கவில்லை. அப்பா தோளில் உட்கார்ந்து கை தட்டியவன் நான். அந்தக் கைதட்டலுக்குத்தானே கயிறும் கப்பியும்?

சம்பா விஷயத்துக்கு வருவோம், அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பூஜை ஐட்டத்தில் மாலா மணி அடிப்பாள், சம்பா குடத்துத் தண்ணீரை உறிஞ்சி லிங்கத்தின் மேல் விட வேண்டும். ஒரு மத்தியான ஷோவில் நல்ல வெயில். சம்பா உறிஞ்சினாள், லிங்கத்தைப் பார்த்தாள், தண்ணீரைத் தன் வாயிலேயே விட்டுக்கொண்டாள். கேலரி சிரித்தது. மறுபடி உறிஞ்சினாள். இந்தத் தடவை பேண்டு மாஸ்டர் மேல். கிளாரினெட்டோடு அவர் நனைந்து எழுந்து நிற்க, கூடாரமே கிழிந்துபோகும் அளவுக்குக் கைதட்டல். அடுத்தது உடைக்க வேண்டிய தேங்காய்; அதையும் தின்றுவிட்டாள். ராத்திரி மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். திட்டப் போகிறார் என்று போனால், இதையே தினமும் செய்யவைக்க முடியுமா என்று கேட்டாராம்! “அதுக்கு அப்புறம் எத்தனை வெல்லம் கொடுத்தும் ஒருநாள்கூட அவ அதைச் செய்யலை” என்று சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

காலையில் தேங்காய் மட்டையால் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தடிமனாகச் சுட்ட கோதுமை ரொட்டி, ஆலந்தழை, பாதத்தில் வெடிப்பு பார்த்து எண்ணெய் போடுவது என்று நிறையச் சொன்னார். சட்டம் வந்ததைச் சுருக்கமாக முடித்துவிட்டார். 1998ல் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஐந்துக்கும் அரசாங்கம் தடை போட்டது. 2001ல் உச்ச நீதிமன்றமும் அது சரிதான் என்றது. யானை அந்தப் பட்டியலில் இல்லை. பிற்பாடு அதற்கும் கட்டுப்பாடு வந்தது. அதற்கு முன்பே முட்டி போய், இவர் ஊர் திரும்பிவிட்டார்.

“கிளம்பும்போது சம்பாகிட்ட சொன்னீங்களா?”

“இல்லை.”

“புரியாதுன்னா?”

“புரியும். அதான் சொல்லலை.” ராத்திரி ஷோவுக்கு அவளை உள்ளே அனுப்பிவிட்டு, பின்பக்கமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாராம். இப்போது குஜராத் பக்கம் எங்கேயோ இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். விசாரித்துப் பார்க்கவில்லை. விசாரிக்கப் போவதுமில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கிளம்புகிற நேரத்தில் கிணற்றடியில் ஒரு இரும்பு ஸ்டூலைப் பார்த்தேன். முட்டி உயரம், மேல்பக்கம் அகலம் குறைந்து, வட்டமாக. சிவப்பும் மஞ்சளுமாகப் பெயிண்டு அங்கங்கே மிச்சமிருந்தது. அதன் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

“குட்டிங்களுக்கு நானே வெல்டிங் வச்சது” என்றார். “ஏறிப் பாரு.”

கோழியை விரட்டிவிட்டு ஏறினேன். என்னுடைய இரண்டு செருப்புக்கே இடம் சரியாக இருந்தது. கை இரண்டையும் விரித்து நின்றேன், கொஞ்சம் ஆடியது.

“நாலு கால் வைக்கணும்” என்றார் கீழேயிருந்து. அப்புறம் என்ன நினைத்தாரோ, “ஷாபாஷ்” என்று சொல்லிவிட்டு, முண்டு மடிப்பில் கையை விட்டார். ஒன்றும் இல்லை. வெறுங்கையை வெளியே எடுத்து ஒரு விநாடி பார்த்துவிட்டு, முண்டில் துடைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து மாமி, முட்டையிடுகிற இடத்தில் யாரடா ஏறியது என்று மலையாளத்தில் சத்தம் போட்டார். இறங்கிக்கொண்டேன். கோழி மறுபடி போய் உட்கார்ந்தது.