விண்ணப்பதாரர்: வயது மூன்று

அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவிலிருந்து எங்களுக்கு வந்த முதல் கடிதம் என் மகள் பெயருக்கு வந்தது. அப்போது அவளுக்கு மூன்று வயது. கிரேயான் கொடுத்தால் வட்டம் மட்டும் போடுவாள். வெள்ளம் வந்த வீட்டுக்கு உதவி கேட்டு மனுப் போட்டவர் சட்டப்படி அவள்தான். நானும் மனைவியும் அவள் சார்பில் கையெழுத்துப் போடுபவர்கள், அவ்வளவுதான்.

2017 ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி புயல் டெக்சஸ் கரையில் ராக்போர்ட் பக்கம் ஏறியது. நாங்கள் இருந்தது ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி பக்கம், பார்க்கர் நீர்த்தேக்கத்தின் மேல்புறம். நீர்த்தேக்கம் என்றதும் நம்மூர் ஏரி மாதிரி நினைக்க வேண்டாம். மற்ற நாட்களில் அது காய்ந்த புல்வெளி. சைக்கிள் பாதை, கால்பந்து மைதானம் எல்லாம் உள்ளேயே இருக்கும். பெருமழை பெய்தால் மட்டும் கரை தண்ணீரைத் தேக்கும். 1940களில் கட்டியது. கட்டியபோது சுற்றிலும் வயல். பிறகு எங்களைப் போன்றவர்களுக்காக வீடுகள் வந்தன.

வீடு வாங்கும்போது வெள்ள வரைபடத்தில் நூறாண்டு வெள்ளக் கோட்டுக்கு (எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம்) வெளியே இருந்தது. அதனால் வங்கி வெள்ளக் காப்பீடு கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. வருடத்துக்குச் சில நூறு டாலர் மிச்சம் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டவன் நான். சாதாரண வீட்டுக் காப்பீடு தரையில் ஏறி வரும் வெள்ளத்துக்குச் செல்லாது என்பதைப் படித்திருந்தேன், படித்ததை மறந்திருந்தேன்.

28ஆம் தேதி தெருவில் தண்ணீர் நின்றது. மறுநாள் படகில் வெளியே வந்தோம். மறுபடி உள்ளே போக முடிந்தது செப்டம்பரில். மழைத் தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்துவிடும். தேக்கிய தண்ணீர் வீட்டுக்குள் குடியிருக்கும். சுவரில் முழங்காலுக்கு மேல் ஒரு பழுப்புக் கோடு. அந்த வாடையைப் பற்றி எழுதப் போவதில்லை.

நண்பர் வீட்டு ஹாலில் படுத்திருந்த நாட்களில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ஃபீமாவில் பதிவு செய்யுங்கள். விதியைப் படித்தேன். குடிமகன் அல்லது கிரீன் கார்டு மாதிரியான தகுதி வேண்டும். நான் ஹெச்-1பி என்னும் வேலை விசா, மனைவி அதைச் சார்ந்த ஹெச்-4. வரி கட்டுகிறேன், வீட்டுக்கடன் கட்டுகிறேன், ஆனால் அந்தப் பட்டியலில் இல்லை. சரி, நமக்கில்லை என்று மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா இருந்தார், திருநெல்வேலிக்காரர். தன் வீட்டுச் சாமான்களை வெயிலில் காயவைத்தபடியே கேட்டார்: "தம்பி, பாப்பா இங்கதான பொறந்தா?" ஆமாம் என்றேன். "அப்புறம் என்ன? அவ பேர்ல போடு."

அதுதான் வழி. இங்கே பிறந்ததால் அவள் அமெரிக்கக் குடிமகள். வீட்டில் ஒரே ஒரு அமெரிக்கக் குடிமகன் இருந்தாலும், அது கைக்குழந்தையே ஆனாலும், அதன் சார்பில் பெற்றோர் மனுப் போடலாம். குழந்தை அந்த வீட்டில் வசித்திருக்க வேண்டும், சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும். பெற்றோரின் விசா நிலையைக் கேட்பதில்லை. இதைத் தெரியாமல் விட்ட ஹெச்-1பி குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து உண்டு. இன்னும் சிலர் தெரிந்தே விட்டார்கள். நாளை கிரீன் கார்டு கேட்கும்போது "அரசுப் பணத்தில் வாழ்ந்தவர்" என்று முத்திரை விழுமோ என்ற பயம். எனக்கும் இருந்தது. பேரிடர் உதவி அந்தக் கணக்கில் வராது என்று வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் போனை எடுத்தேன்.

பதிவு முடிந்ததும் ஒன்பது இலக்க எண் ஒன்று தருவார்கள். அதோடு பேரிடர் எண், ஹார்விக்கு 4332. அனுப்பும் ஒவ்வொரு தாளின் தலையிலும் இந்த இரண்டையும் எழுத வேண்டும். பிள்ளையார் சுழி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தாள் எந்தக் கோப்பில் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர், கையில் டேப்லெட், அரை மணி நேரம். நாங்கள் அதற்குள் ஷீட்ராக் (ஜிப்சம் பலகை) சுவரை நான்கடி உயரம் வெட்டி எடுத்துவிட்டோம். விட்டால் பூஞ்சை ஏறிவிடும். எடுப்பதற்கு முன் சுவர் சுவராகப் படம் எடுத்து வைத்தது மனைவியின் வேலை. அந்தப் படங்கள் இல்லையென்றால் கோடு எங்கே இருந்தது என்று காட்ட எதுவுமில்லை.

மூன்று வாரத்தில் கடிதம். தகுதியில்லை என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டு மடித்து வைத்தவர்கள் ஏராளம். நானும் ஒருநாள் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள்தான் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். வீடு உடையவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இந்த விண்ணப்பதாரர் இந்த வீட்டில் குடியிருந்தார் என்பதற்குச் சான்று இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

தவறு என்னுடையது. தவறு என்பதைவிட நம் பெயர் வைக்கும் வழக்கம் என்று சொல்லலாம். எனக்கு அப்பா பெயர் கடைசிப் பெயர். மகளுக்கு என் பெயர் கடைசிப் பெயர். மனைவி கல்யாணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டை மாற்றவில்லை. அவருக்கு அவருடைய அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். கரன்ட் பில் மனைவி பெயரில், வீட்டுப் பத்திரம் என் பெயரில், மனு மகள் பெயரில். நான் அனுப்பியது கரன்ட் பில் மட்டும். அதைப் பார்ப்பவருக்கு யாரோ ஒரு பெண்மணியின் வீட்டில் சம்பந்தமில்லாத ஒரு குழந்தை.

அப்பீலுக்குக் கடிதத் தேதியிலிருந்து 60 நாள். பிறப்புச் சான்றிதழ், அதில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. திருமணச் சான்றிதழ். குழந்தை மருத்துவரின் பில், அதில் மகள் பெயரும் முகவரியும். பிறகு ஒரு பக்கக் கடிதம்: தமிழர்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தந்தையின் பெயரே பிள்ளைக்குப் பின்னால் வரும், ஆகவே இந்த மூவரும் ஒரே குடும்பம். அமெரிக்க அரசுக்கு நான் எழுதிய ஒரே மானிடவியல் கட்டுரை அது. கூடவே காண்டிராக்டர் கொடுத்த மதிப்பீடு, இனம் வாரியாக.

அப்பீல் ஜெயித்தது. முதலில் இரண்டு மாத வாடகை, பிறகு பழுதுக்கான தொகை. அந்த ஆண்டு ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 33,300 டாலர். எங்களுக்கு வந்தது அதற்கு மிகக் கீழே. பழைய மாதிரி வீட்டை ஆக்கித் தருவது அதன் நோக்கமே இல்லை. பாதுகாப்பாகப் படுத்துத் தூங்கும் அளவுக்கு ஆக்குவதுதான். இங்கே இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். வாடகைப் பணத்தில் ஷீட்ராக் வாங்கிவிட்டேன். மறுபடி வாடகை உதவி கேட்டபோது வாடகை ரசீது காட்டச் சொன்னார்கள். என்னிடம் இருந்தது ஹார்டுவேர் கடை ரசீது.

கிரீன் கார்டு உள்ள பக்கத்து வீட்டுக்காரர்கள் எஸ்.பி.ஏ. (சிறுதொழில் நிர்வாகம்) என்னும் மத்திய நிறுவனத்தில் 1.75 சதவீத வட்டிக்குக் கடன் எடுத்தார்கள். சிறுதொழில் பெயரை வைத்துக்கொண்டு வீடுகளுக்கும் கடன் கொடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் நிலைமையில் அது கைகூடவில்லை.

இனி கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி.

எங்கள் பகுதி எந்த நகராட்சியிலும் சேராதது. மேயர் கிடையாது. குடிநீருக்கு ஒரு தனி வாரியம், தெருவுக்கு வீட்டுச் சங்கம், மற்றதற்கெல்லாம் கவுண்டி. ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட் என்று இரண்டு கவுண்டிகள் கலக்கிற இடம் அது. எங்களுடையது எது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. கவுண்டியை ஆள்வது 'கமிஷனர்ஸ் கோர்ட்'. பெயரைக் கேட்டால் கூண்டில் ஏற வேண்டும் போலிருக்கும். நான்கு கமிஷனர்கள், தலைமைக்கு ஒரு 'கவுண்டி ஜட்ஜ்', ஆக ஐந்து வாக்கு. எங்கள் மாதிரிப் பெரிய கவுண்டிகளில் ஜட்ஜின் வேலை பெரும்பாலும் நிர்வாகம்தான்: பட்ஜெட், சாலை, பேரிடர். பின்னால் 2018 தேர்தலில் கேரளத்தில் பிறந்த கே.பி. ஜார்ஜ் ஃபோர்ட் பெண்ட் கவுண்டி ஜட்ஜாக வந்தபோது ஊரிலிருந்து அம்மா, "நம்ம பக்கத்து ஆள் அங்க நீதிபதி ஆயிட்டாராமே" என்று கேட்டார். விளக்கப் பத்து நிமிடம் ஆனது.

எங்கள் பிரச்சினை குப்பை. வெட்டி எடுத்த சுவர், தரை, சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் வீட்டு முன் மலை மாதிரி கிடந்தது. இனம் இனமாகப் பிரித்து வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். பக்கத்துக் குடியிருப்பில் லாரிகள் வந்து வாரிப் போயின. எங்கள் வாசலுக்கு வரவில்லை. காரணம் எங்கள் குடியிருப்பு வாசலில் இருந்த கேட். கேட் போட்ட குடியிருப்பின் தெருக்கள் தனியார் தெரு. பொதுத் தெரு ஓரத்தில் கிடப்பதை மட்டும் கவுண்டி தன் பாட்டுக்கு வாரலாம். தனியார் தெருவுக்குள் போக, பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்று முடிவெடுத்து, நுழைய அனுமதிப் பத்திரமும் வாங்க வேண்டும். அப்படிச் செய்யாமல் வாரினால் ஃபீமா அந்தச் செலவைக் கவுண்டிக்குத் திருப்பித் தராமல் போகலாம். கேட் இருந்தால் வீட்டு மதிப்பு கூடும் என்று ஏஜென்ட் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது.

நான்கு பேர் கூட்டத்துக்குப் போனோம். பேச விரும்புகிறவர் படிவம் நிரப்பினால் மூன்று நிமிடம். நான் பேசினேன். எலி, பூஞ்சை, ஆஸ்துமா உள்ள குழந்தைகள், எல்லாம் சொன்னேன். முடித்தேன். ஐந்து பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நன்றி என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து பொருமித் தீர்த்தேன். ஒரு வார்த்தை பதில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வீட்டுச் சங்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற அமெரிக்கர் ஒருவர்தான் சொன்னார்: அவர்கள் அங்கே அதை விவாதித்தால் அது சட்டமீறல். டெக்சஸில் கூட்டத்தின் பொருள் பட்டியலை அப்போதைய விதிப்படி 72 மணி நேரத்துக்கு முன் ஒட்டியிருக்க வேண்டும். பட்டியலில் இல்லாததை அங்கே விவாதிக்கக் கூடாது. எங்கள் குப்பை பட்டியலில் இல்லை. ஆக நான் செய்ய வேண்டியிருந்தது அழுகுரலில் மூன்று நிமிடப் பேச்சு அல்ல. எங்கள் பகுதிக் கமிஷனரின் அலுவலகத்தில் நேரில் போய், இதைப் பட்டியலில் சேருங்கள் என்று கேட்பது. அங்கே போனோம். உதவியாளரான பெண்மணி கேட்டது ஒன்றே: "உங்கள் சங்கம் நுழைவு அனுமதியில் கையெழுத்துப் போட்டுவிட்டதா?" போடவில்லை. யாரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு நாளில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். அடுத்த கூட்டத்தில் எங்கள் விஷயம் பட்டியலில் ஒரு வரியாக இருந்தது. வாசித்தார்கள், ஆட்சேபணை இல்லை, நிறைவேறியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் பேச்சு அதைவிட மூன்று மடங்கு நீளம்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "வி.ஏ.ஓ.வைப் பார்க்காம நேரா கலெக்டர்கிட்ட மனு குடுத்த கதையா இருக்கு" என்றார். 2015 சென்னை வெள்ளத்தில் வங்கிக் கணக்குக்கு 5,000 ரூபாய் வந்த வழியை ஒப்பிட்டு அவர் ஒரு பாடமும் எடுத்தார். அதில் நியாயம் உண்டு. தொகை சிறியதுதான், ஆனால் ரேஷன் கார்டுக்கு அப்பால் யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

மிச்சமிருந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றால், நன்கொடையிலிருந்து. ஹூஸ்டன் மேயரும் ஹாரிஸ் கவுண்டி ஜட்ஜும் சேர்ந்து தொடங்கிய ஹார்வி நிவாரண நிதிக்கு 11 கோடி டாலருக்கு மேல் வந்தது. அதை நேராக வீடுகளுக்குக் கொடுக்கவில்லை. தொண்டு அமைப்புகளுக்கு மானியமாகக் கொடுத்தார்கள். அதனால் அந்த நிதியிடம் மனுப் போட்டுப் பயனில்லை. தொண்டு அமைப்பில் ஒரு கேஸ் வொர்க்கரை, அதாவது நம் கோப்பைக் கவனிக்கும் ஊழியரை, பிடிக்க வேண்டும். அவர் நம் கோப்பைப் பெயரில்லாமல் வெறும் எண்ணாக ஒரு மேசைக்குக் கொண்டுபோவார். மேசையைச் சுற்றிச் சர்ச்சுகள், அறக்கட்டளைகள், தன்னார்வக் குழுக்கள். ஒருவர் பொருள் தருகிறேன் என்பார், இன்னொருவர் ஆள் தருகிறேன் என்பார்.

முதல் சந்திப்பிலேயே கேஸ் வொர்க்கர் கேட்டது மறுப்புக் கடிதங்களை. ஃபீமா எவ்வளவு தந்தது, எதற்குத் தரவில்லை, காப்பீட்டில் இல்லை என்பதற்கு எழுத்து, கடன் இல்லை என்பதற்கு எழுத்து. ஒரே சுவருக்கு இரண்டு பணம் வரக்கூடாது என்பது மத்தியச் சட்டம். ஆகவே 'இல்லை' என்ற ஒவ்வொரு தாளும் அடுத்த இடத்துக்கு நுழைவுச்சீட்டு. எரிச்சலில் கிழித்துப் போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நல்லவேளை, மனைவி எல்லாவற்றையும் மகளின் படங்கள் இருந்த கோப்பில் செருகி வைத்திருந்தார். முதல் மறுப்புக் கடிதத்தின் பின்பக்கம் முழுக்க ஊதா வட்டங்கள். அப்படியே நகல் எடுத்தார்கள். எங்களுக்கு உள்கதவுகளும் இரண்டு அறைகளுக்கு ஷீட்ராக்கும் கிடைத்தன. ஒகையோவிலிருந்து வந்த வயதான தம்பதி அதைப் பொருத்திவிட்டு, சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மத்திய அரசின் பெரிய மறுகட்டுமானப் பணம் மாநிலத்துக்கும் கவுண்டிக்கும் வந்து வீடுகளை எட்டத் தொடங்கியபோது எங்கள் சுவருக்குப் பெயின்ட் அடித்து நாளாகியிருந்தது. அதில் பெரும்பங்கு குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு. அது சரிதான்.

2021 பிப்ரவரிக் குளிரில் டெக்சஸில் பல இடங்களில் கரன்ட் போய்த் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தபோது, புதிதாக வந்திருந்த தம்பி ஒருவர் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார். மாடியிலிருந்து கூடம்வரை தண்ணீர். வேலை விசா. நான் முதலில் கேட்டது, "பாப்பா எங்க பொறந்தா?"

"கோயம்புத்தூர்லண்ணே. ஏன்?"

அப்படியென்றால் அந்தக் கதவு அவருக்கு இல்லை. மேசைக்குத்தான் போக வேண்டும். காப்பீட்டு நிறுவனம் என்ன சொன்னாலும் எழுத்தில் வாங்கச் சொல்லிவிட்டு, அந்தக் கேஸ் வொர்க்கரின் எண்ணைத் தேட ஆரம்பித்தேன்.