ஸ்கேனரும் என் கண்ணும்

எரிந்துகொண்டிருந்த பர்னரை எரியவில்லை என்று சொல்லி 40 நிமிடம் நிறுத்தி வைத்தது சரிதானா என்று, ஓய்வு பெற்ற பிறகும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வளைகுடாவில் ஒரு மின் நிலையத்தில் வேலை. ஆகஸ்ட் மாதத்து மாலை, ஊர் முழுக்க ஏசி ஓடும் நேரம். பாய்லர் ட்ரிப் ஆகி, அதாவது தானாக அணைந்து, நீராவி நின்றுபோனதில், நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற வேண்டிய டர்பைன் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் பிரிவுக்கும் எங்கள் நீராவிதான். உலையில் தேங்கியதைக் காற்றால் வெளியேற்றும் பர்ஜை 5 நிமிடம் முடித்தே பற்றவைத்தோம். ஆறினால் தாரைப்போல் இறுகும் ஃபர்னஸ் ஆயில், 120 டிகிரிக்குச் சூடாகி, நீராவியால் துளிகளாகச் சிதறி உள்ளே போனது. ஆனால் உலையில் தீ எரிகிறதா என்று கண்காணிக்கும் ஃபிளேம் ஸ்கேனர் தீ இல்லை என்றது. சில நொடிகளில் எண்ணெய் வால்வு மூடிக்கொண்டது. இரண்டு முறையும் இதே கதை.

பார்வைத் துளையில் பார்த்துவிட்டு ஓடி வந்த இளைஞன், “சார், தீ நல்லாத்தான் பிடிக்குது, நான் கண்ணால பார்த்தேன். ஸ்கேனர்தான் பொய் சொல்லுது, அதை பைபாஸ் போட்டு, அது சொல்றதைக் கேக்காம ஓட்டிடலாம்” என்றான்.

“உன் கண்ணை லாக் புக்கில் எழுத முடியாதுப்பா” என்றேன். சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக அப்போது நினைப்பு.

ஸ்கேனரைக் கழற்றித் துடைத்தபோது, அதன் கண்ணாடியில் படிந்திருந்த கரி என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அவன் சொன்னதுதான் உண்மை. இருந்தாலும், எரியாத எண்ணெய் ஆவியாகி உலையில் சேர்ந்தால் அடுத்த பொறியில் உலையே வெடிக்கும் என்பதற்காகத்தானே, தீ தெரியாவிட்டால் எண்ணெயைத் தானாக நிறுத்தும் அந்த இன்டர்லாக்கை வைத்திருக்கிறார்கள்? அவன் பார்த்தது தவறாக இருந்திருந்தால்? இந்தக் கேள்வியோடு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அடுத்த கோடையில் அதே பாய்லர், அதே கோளாறு. அவனுக்கு அன்று வேறு ஷிப்ட். நானே துளையில் குனிந்து, ஆரஞ்சு நிறத்தில் நின்றெரிந்த தீயைப் பார்த்தேன். நானே பைபாஸ் போடச் சொன்னேன். எதுவும் ஆகவில்லை. 22 வருட அனுபவம் பார்த்த பார்வை அது என்று பிறகு சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அனுபவத்தில் வந்த முடிவுதான் என்றால், லாக் புக்கில் ‘ஸ்கேனர் சரிபார்க்கப்பட்டது’ என்று மட்டும் நான் ஏன் எழுதினேன்?

அடுத்த ஷிப்டுக்கு அவன்தான் வந்தான். அந்த வரியை இரண்டு முறை படித்தான். என்னை நிமிர்ந்து பார்க்காமல், கீழே கையெழுத்துப் போட்டான்.