வாசலில் நிற்கும் மருந்து: மே 2025 நாட்குறிப்பு

மே 3, சனி

மருத்துவமனைகளையும் அம்புலன்சுகளையும் மருத்துவப் பணியாளரையும் தாக்கக்கூடாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2286ஆம் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றி இன்றோடு ஒன்பது வருடம். 1949 ஜெனீவா உடன்படிக்கைகளிலேயே இருப்பதைத்தான் 2016இல் மறுபடி சொன்னார்கள். இன்றைய நிலவரம்: மார்ச் 2 தொடக்கம் காசாவுக்குள் உணவோ மருந்தோ டீசலோ ஏற்றிய ஒரு லொறிகூடப் போகவில்லை.

நான் சத்திரசிகிச்சைக்கூடத்தில் வேலை செய்யும் தாதி. முற்றுகை என்றால் வெளியில் இருப்பவர்களுக்குக் குண்டு விழும் கட்டடம்தான் கண்ணில் வரும். எனக்கு ஜெனரேட்டர்தான் வரும். அது நின்றால் வென்டிலேட்டர், இன்குபேட்டர், டயாலிசிஸ், இரத்தம் வைக்கும் குளிர்பெட்டி எல்லாம் நிற்கும். கத்தியையும் கத்தரிக்கோலையும் நீராவியில் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவும் நிற்கும். வைத்தியர் கையுறையோடு ஆயத்தமாக நிற்பார், காயக்காரர் மேசையில் கிடப்பார், ஆனால் தொடக்கூடிய ஆயுதம் ஒன்றும் இருக்காது. 2023 நவம்பரில் காசாவின் அல்-ஷிஃபா மருத்துவமனையில் மின்சாரம் போனபோது குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து ஒரே கட்டிலில் வரிசையாகக் கிடத்தினார்கள். உயிரோடிருந்த 31 பேரை நவம்பர் 19இல்தான் தெற்கே கொண்டுபோக முடிந்தது.

மே 7, புதன்

சமைக்க இனி ஒன்றும் இல்லையென்று, சமைத்த உணவு கொடுக்கும் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற தொண்டு அமைப்பு இன்று காசாவில் அடுப்பை நிறுத்திவிட்டது. உலக உணவுத் திட்டத்தின் கையிருப்பு ஏப்ரல் 25ஆம் திகதியே தீர்ந்தது. பசியும் ஆஸ்பத்திரிக் கதைதான். பட்டினி கிடக்கிற உடம்பில் தையல் பிடிக்காது, புண் ஆறாது, அந்த ஆளிடம் இரத்தமும் எடுக்க முடியாது.

மே 9, வெள்ளி

இலங்கைப் போரின் கடைசி நாட்களில், 2009இல் இதே நாளில்தான் ஐ.சி.ஆர்.சி. (சர்வதேச செஞ்சிலுவைக் குழு) கப்பல் வன்னிக் கரையிலிருந்து கடைசித் தொகுதிக் காயக்காரரை ஏற்றிப் போனது.

ஐ.நா. நிறுவனங்களை 2008 செப்டெம்பரிலேயே கிளிநொச்சியை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டது அரசு. சர்வதேச அமைப்பு என்று மிஞ்சியது ஐ.சி.ஆர்.சி. மட்டும். 2009 பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி திரும்பத் திரும்ப ஷெல்லடிக்கு உள்ளாகி, நோயாளரைப் புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார்கள். பெப்ரவரி 10 முதல் அந்தக் கரையிலிருந்து கடல்வழி திறந்தது. துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், காயக்காரரைச் சின்னப் படகுகளில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். மே 9 வரை கிட்டத்தட்ட 14,000 பேர், காயக்காரரும் கூடப் போனவர்களுமாக, இப்படித் தப்பினார்கள். வரும்போது கொஞ்ச உணவும் மருந்தும் அதே கப்பலில்தான் வரும்.

அங்கே தொண்டராக நின்ற அக்கா ஒருவரோடு இன்று தொலைபேசியில் கதைத்தேன். ஷெல்லடியைப் பற்றி அவர் அதிகம் சொல்வதில்லை. கப்பலைப் பற்றித்தான் சொல்வார். “எல்லாருக்கும் இடமில்லைத் தங்கச்சி. தாயை ஏத்தினா பிள்ளையள் கரையில நிண்டு கத்தும். ஆரை விடுறதெண்டு நாங்கள்தானே சொல்லோணும்.” பதினாறு வருடமாக அந்தப் பிள்ளைகளின் சத்தம் காதுக்குள் கேட்குது என்கிறார். உதவி அமைப்புகளின் அறிக்கைகளில் இந்த வேலைக்கு ஒரு வரிகூட இருக்காது. காயம் கட்டுவதைவிடக் கடினமான வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மே 13, செவ்வாய்

இன்று கான் யூனிசில் ஐரோப்பிய மருத்துவமனை மீது விமானத் தாக்குதல். அடியில் ஹமாஸின் கட்டளை மையம் இருந்தது என்கிறது இஸ்ரேல். காலையில் அதே நகரின் நாசர் மருத்துவமனையும் அடிபட்டது. 2009 மே 12, 13 திகதிகளில் முள்ளிவாய்க்கால் ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்தது. 13ஆம் திகதி ஐ.சி.ஆர்.சி. ஊழியர் ஒருவர் தாயோடு சேர்த்துக் கொல்லப்பட்டார்.

ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்னதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். வன்னியின் முன்னரங்கில் இருந்த ஆஸ்பத்திரிகள் எல்லாமே அடிபட்டன, சில திரும்பத் திரும்ப, இருக்கிற இடம் அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும். மக்களை வெளியேற விடாமல் மறித்ததையும், தப்பப் போனவர்களைச் சுட்டதையும், சனத்துக்கு நடுவில் நின்று ஆட்லறி அடித்ததையும் புலிகள் மேல் அதே அறிக்கை வைக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவரோடு எனக்குப் பேச்சில்லை. ஆயுதக்காரன் ஒருவன் ஆஸ்பத்திரியை மறைவாக்கினாலும், உள்ளே கட்டிலில் கிடப்பவரின் பாதுகாப்பு பறிபோவதில்லை. எச்சரிக்கை, வெளியேற அவகாசம், இழப்பை அளந்து பார்க்கும் கடமை என எல்லாம் அடிப்பவன் தலையில் அப்படியே இருக்கிறது.

அந்த அறிக்கையில் என் தொழிலோடு ஒட்டிய ஒரு விடயம் உண்டு. இரத்தப் பை இல்லாததால், நோயாளியின் உடம்பிலிருந்து வடிந்த இரத்தத்தையே பிடித்து, துணியில் வடித்து, திரும்ப நரம்பில் ஏற்றியிருக்கிறார்கள். கூடத்தில் இதற்கென்றே எங்களிடம் இயந்திரம் இருக்கிறது: உறிஞ்சி, இரத்தம் கட்டி தட்டாத மருந்து கலந்து, வடிகட்டி, கழுவித் தரும். அதன் வேலையை அங்கே துணித்துண்டும் கையும் செய்தன. செய்தவர்கள் மீது எனக்குள்ள மரியாதைக்கு அளவே இல்லை. போர் முடிந்ததும் அந்த அரசாங்க வைத்தியர்களைத் தடுப்பில் வைத்தார்கள்.

மே 14, புதன்

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. இரத்தப் பை ஏன் இல்லை? ஷெல்லுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியைக் கொல்வது, உள்ளே எது போகலாம், எவ்வளவு போகலாம் என்று எழுதும் பட்டியல். 2009 பெப்ரவரியில் உள்ளே 70,000 பேர்தான் என்றது அரசு. முடிவில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,90,000. ஆட்கணக்கைக் குறைத்தால் அரிசியும் மயக்க மருந்தும் அந்தக் கணக்கில்தான் போகும்.

யாழ்ப்பாணத்தவருக்குப் பட்டியல் புதிதில்லை. தொண்ணூறுகளில் பற்றரி, சவர்க்காரம், எரிபொருள், உரம் எல்லாம் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்தோம். 2024 மார்ச்சில், குழந்தைகளுக்கான மருத்துவப் பெட்டியில் கத்தரிக்கோல் இருந்ததால் காசாவுக்குப் போன ஒரு லொறி முழுவதையும் திருப்பிவிட்டார்கள் என்று ஐ.நா. பலஸ்தீன அகதிகள் நிறுவனத்தின் தலைவர் லசரினி சொன்னபோது, அந்தப் பட்டியலை எழுதிய கை எனக்குப் பழக்கமானதுபோல இருந்தது.

மே 18, ஞாயிறு

முள்ளிவாய்க்கால் நாள், 2009இல் அங்கே இறந்தவர்களை நினைக்கும் நாள். அன்று அங்கே குடித்த கஞ்சியைப்போலவே அரிசி, தண்ணீர், உப்பு மட்டும். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம். பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பால் விடலாமே என்று ஒருவர் கேட்டார். அன்று கிடைக்காததை இன்று விடவேண்டாம் என்றார் அக்கா.

வட காசாவில் அரச மருத்துவமனை ஒன்றுகூட இயங்கவில்லை என்று இன்று அங்குள்ள சுகாதார அமைச்சு அறிவித்திருக்கிறது.

மே 20, செவ்வாய்

நேற்று ஐந்து லொறிகள் உள்ளே விடப்பட்டன, குழந்தை உணவோடு. போருக்கு முன் நாளொன்றுக்கு ஐந்நூறு போகும். டீசல் ஒரு துளியும் இல்லை.

எங்கள் தொழிற்சங்கக் கிளை வெளியுறவு அமைச்சுக்கு எழுதும் கடிதத்தை இரவு திருத்தினேன். கண்டனச் சொற்களைக் குறைத்து, கேட்பதைப் பொருளின் பெயரிலேயே எழுதியிருக்கிறேன்: ஜெனரேட்டருக்கு டீசல், மயக்க மருந்து, இரத்தப் பை, கிருமி நீக்கிய கத்தரிக்கோல். எந்தத் தரப்பும் இவற்றைத் தடைப்பட்டியலில் சேர்க்க விடக்கூடாது என்று கேட்கிறோம். சூடானில் ஒரு வருடமாக முற்றுகைக்குள் கிடக்கும் எல் ஃபாஷர் நகரையும் அதே வரியில் சேர்க்கச் சொல்லி இன்று காலை செயலாளருக்குத் தகவல் அனுப்பினேன். சரி என்றார். வெள்ளிக்கிழமை கடிதம் போகிறது.