கோணல் இல்லைங்க, ஏற்றம்!

மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலில் டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம் என்று ஊரே சொல்லும். எங்களுக்கு அது சுலபமாகக் கிடைத்துவிட்டது. அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாத்தனார் ஒரு வரி போட்டாள். "அண்ணி, பசங்க நாலு பேருக்கும் ரயில் டிசைன்ல டிரெஸ் தைச்சுட்டா போட்டோவுல எவ்ளோ நல்லா இருக்கும்!" கூடவே கை கூப்பும் பொம்மைகள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பொம்மை வந்தால் ஏதோ ஒரு வேலை என் தலையில் விழப்போகிறது என்று பொருள்.

வீட்டுக்காரர் மட்டும், "கடையில டீ-சர்ட்ல பிரிண்ட் போட்டே தர்றாங்களே" என்றார். தெருவில் பாதிப் பேருக்கு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள் பிள்ளைகளுக்குக் கடையில் பிரிண்ட் போட்டு மாட்டினால் நாளைக்கு என்னிடம் யார் துணி கொண்டு வருவார்கள்? சரி என்று ஒப்புக்கொண்டேன்.

என் திட்டம் ரொம்ப எளிமையானது. நாலு வயசு மகனின் சட்டையில் இன்ஜின். ஒன்பது வயசு மகளுக்கும் நாத்தனாரின் ஏழு வயசுப் பெண்ணுக்கும் ஆளுக்கொரு பெட்டி. நாத்தனாரின் பெரிய பையனுக்கும் ஒரு பெட்டி. வரிசையாக நிற்க வைத்தால் ரயில். ஊட்டி ரயில் பெட்டிகளின் நீலமும் கிரீமும் பாப்ளினில் சுலபமாகக் கிடைக்கும். துணியை வெட்டி ஒட்டுத்துணியாக வைத்து ஓரம் அடித்தால் முடிந்தது வேலை.

இதில் ஒரே சிக்கல், என் மாமனார் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அந்த மலை ரயிலின் பழைய நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. அந்த ரகத்துக்கு 'எக்ஸ் கிளாஸ்' என்று பெயர். 2010-க்குப் பிறகு புதிதாகச் சில இன்ஜின்களைக் கட்டிக் கொடுத்தது எங்கள் திருச்சி பொன்மலை. மாமா இருந்தது வேறு செக்‌ஷன், அந்த இன்ஜினில் ஒரு நட்டுகூட முடுக்கியவர் இல்லை. ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் அதைத் தனியாளாகக் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு போய் மேட்டுப்பாளையத்தில் இறக்கி வைத்தவர் என்றுதான் நினைப்பீர்கள்.

நான் சாக்கட்டியால் துணியில் வரைந்திருந்ததை எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சக்கரம் மூணுதான் இருக்கு?"

"மாமா, இது குழந்தை சட்டை."

"சட்டையா இருந்தா என்ன, எக்ஸ் கிளாஸ் எக்ஸ் கிளாஸ்தானே? ஒரு பக்கத்துக்கு நாலு பெரிய சக்கரம், ஒரு சின்னச் சக்கரம்."

சக்கரத்துக்குப் பட்டன் வைப்பதாக இருந்தேன். தெப்பக்குளம் பக்கம் தையல் சாமான் கடையில் போய் நாலு கோட் பட்டனும் ஒரு சட்டை பட்டனும் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன டிரெஸ்ஸுங்க அது?" என்றார். இன்ஜின் என்று சொன்னதும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

நான் திரும்பி வருவதற்குள் காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கேல் வைத்து வரைபடம் ஒன்று தயாராகியிருந்தது. மேலே "பக்கவாட்டுப் பார்வை" என்று தலைப்பு வேறு. தண்டவாளத்துக்காக நான் வாங்கி வந்த வளைவு வளைவான ஜிக்‌ஜாக் லேஸைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல்சட்டம் அச்சு அசலாக இப்படித்தான் இருக்குமாம். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துத்தான் மலை ஏறுகிறது.

"ஆனா ஒரு வரிசை பத்தாதும்மா. அங்க ரெண்டு சட்டம் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். ஒண்ணுல பல்லு இருக்கற இடத்துல இன்னொண்ணுல பள்ளம். எப்பவும் ஏதாவது ஒரு பல்லு பிடிச்சுக்கிட்டே இருக்கணும், புரியுதா?"

புரிந்தது. ரெண்டு வரிசை லேஸ், ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்துக்கு நேராக வரும்படி. வளைவுக்கு வளைவு குண்டூசி குத்தி, கால் மெஷினை அரை மிதி அரை மிதியாக மிதித்து ஓட்டினேன். அந்த வரிசை விழுந்த அழகைப் பார்த்தபோது அவர் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு ஸ்டேஷன் வரைக்கும் பல்சட்டமே கிடையாது, அங்கிருந்து குன்னூர் வரைக்கும்தான் என்று அவர் அடுத்த திருத்தம் சொன்னபோது மீதிக் கோபமும் போனது. அரை மீட்டர் லேஸ் மிச்சம்.

துணியைத் தைப்பதற்கு முன்னால் நனைத்துக் காயவைக்கவில்லை என்றால் ஊட்டிக்குப் போய்வந்த முதல் துவைப்பிலேயே ரயில் சுருங்கிவிடும். நீலத்தை நனைத்ததும் வாளித் தண்ணீர் முழுக்கச் சாயம். அத்தை ஒரு கை கல் உப்பை அள்ளிப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான தொழில்நுட்ப உதவி அதுதான். என் மெஷின் நேர்த்தையல் மட்டுமே போடும். ஒட்டுத்துணியின் ஓரமெல்லாம் கையால் காஜா தையல். டிவி சீரியல் பார்த்துக்கொண்டே போட்டதில் சோகக் காட்சி வந்த இடங்களில் தையல் கொஞ்சம் நெருக்கமாக விழுந்திருக்கிறது.

இதற்கு நடுவில் யார் முன்னால் நிற்பது என்று சண்டை. இன்ஜின் நான்தான், நான்தான் முன்னாடி என்று சின்னவன் வீட்டையே இரண்டு பண்ணிக்கொண்டிருந்தான். மாமா பேப்பரை மடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இந்த ரயில்ல ஏறும்போது இன்ஜின் பின்னாடிதாண்டா இருக்கும். பெட்டியெல்லாம் முன்னாடி. இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்னு தள்ளிக்கிட்டே போகும், பெட்டி எதுவும் கழண்டு உருண்டுடக் கூடாது பாரு."

பையன் முகம் சுருங்கி, உதடு பிதுங்கி, அழுகை ஆரம்பமாகும் நேரத்தில் அவனுக்கு அந்த ஒரு சொல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

"தள்ளலாமா?"

"தள்ளணும்."

அவ்வளவுதான். அக்காவைத் தள்ளினால் அடி விழும் வீட்டில், தாத்தாவே கொடுத்த அனுமதி. அன்றிலிருந்து சாப்பிடப் போனால் தள்ளல், குளிக்கப் போனால் தள்ளல். மகள் என்னிடம் புகார் கொண்டு வந்தால் அவள் பின்னாலேயே "கூ" என்று சத்தம் வரும்.

மகளுக்கு வேறு கவலை. அவளுக்கு டாப்ஸின் அடியில் ஃப்ரில் வேண்டும். ரயில் பெட்டிக்கு எங்கேயாவது ஃப்ரில் இருக்குமா என்று மாமா கேட்டார். "அது மேகம் தாத்தா. ரயில் மேல போகும்போது மேகம் கீழ இருக்கும்ல?" என்றாள். மாமா பதில் சொல்லவில்லை. ஃப்ரில் பாஸ் ஆனது. அதைப் பார்த்துவிட்டு நாத்தனார் பெண்ணுக்கும் மேகம் கேட்டு போன் வந்தது.

நாத்தனாரின் பன்னிரண்டு வயசுப் பையனை நினைத்துத்தான் பயந்தேன். அந்த வயசில் சட்டையில் பொம்மை இருந்தால் மாட்டமாட்டார்கள், அதுவும் தங்கச்சிக்கு மேட்சிங் என்றால் செத்தாலும் மாட்டமாட்டார்கள். இந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. பெட்டியின் முன்னால் நின்று கொடி காட்டி, பிரேக்கைப் பிடிப்பவர். மாமாவின் யோசனையில் அவனுக்கு வெறும் காக்கிச் சட்டை, ரெண்டு பாக்கெட், பச்சையிலும் சிவப்பிலும் ரெண்டு கைக்குட்டைக் கொடி. வீடியோ காலில் பார்த்துவிட்டு "ஓகே அத்தை" என்றான். அவன் வாயிலிருந்து ஓகே வாங்குவது பெரிய விஷயம்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் மாமா கடைசி வரைபடத்தைக் கொண்டுவந்தார். ரயில் சமதளத்தில் நிற்கக் கூடாதாம். கல்லாறு தாண்டி ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1. பன்னிரண்டு அடி முன்னால் போனால் ஓர் அடி மேலே ஏறும். நாட்டிலேயே இவ்வளவு செங்குத்தான ரயில் பாதை வேறு கிடையாதாம்.

"குட்டிப் பையன் சட்டை குறுக்களவு என்னம்மா?"

"பன்னிரண்டு இஞ்சு மாமா."

"பாத்தியா! சரியா ஒரு இஞ்சு தூக்கிடு."

பன்னிரண்டு என்று ஏன் சொன்னேனோ. பதினொன்றரை என்றிருந்தால் கணக்குப் போட்டே சோர்ந்திருப்பார். ஒரு ஓரத்தில் இருந்ததைவிட மறு ஓரத்தில் ஒரு இஞ்சு உயர்த்திச் சாக்கட்டியால் கோடு போட்டு, அதன் மேல் இன்ஜினையும் லேஸையும் வைத்துத் தைத்து முடித்தேன். பெட்டிகளும் அதே ஏற்றத்தில்.

எதிர்வீட்டு அக்கா பிளவுஸ் அளவு கொடுக்க வந்தார். கொடியில் தொங்கிய சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா? கோணலாப் போயிருக்கே?" ஏற்றத்தைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் பிளவுஸ் அவசரமில்ல, மெதுவா தை" என்று துணியைக் கையிலேயே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அத்தை, "நாலு பேர் கேப்பாங்க, நேரா வச்சுத் தைச்சுடேன்" என்றார். வீட்டுக்காரர் பையனுக்குச் சட்டையைப் போட்டு போட்டோ எடுத்தார், ரயில் நேராகத் தெரியவேண்டும் என்று செல்போனைச் சாய்த்துப் பிடித்து. போட்டோவில் ரயில் நேராக இருக்கிறது. பையன் சுவர் மேல் சாய்ந்து விழப்போகிறான்.

காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் ரயில் கிளம்பியது. எதிரே உட்கார்ந்திருந்த வயசான அம்மா, பையன் சட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்து நேராக்கினார். சட்டை நேரானது, ரயில் ஆகவில்லை. மறுபடி இழுத்தார். அடுத்து தோள்பட்டையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. என் கைப்பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்து, நுனியில் சாவிக்கொத்தைக் கட்டி, ஜன்னல் ஓரமாகத் தொங்கவிட்டார். கல்லாறு தாண்டியதும் ரயில் தலை நிமிர்ந்தது. டேப் ஜன்னல் சட்டத்தை விட்டு மெல்ல விலகிச் சாய்ந்து நின்றது.

"பாருங்கம்மா! டேப்தான் நேரா இருக்கு. சாஞ்சிருக்கறது ஜன்னல்!"

அந்த அம்மா டேப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். "அப்ப ரயிலையே கோணலாத்தான் செஞ்சு வச்சிருக்காங்களா?" என்றார்.

மாமா டேப்பைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு ஹில்குரோவ் ஸ்டேஷன் வரும்வரை யாரோடும் பேசவில்லை.

ஹில்குரோவில் குளிர் லேசாகத் தட்டியதும் அத்தை பையைத் திறந்தார். நாலு ஸ்வெட்டர், நாலு குல்லா. நான் கத்தினேன், நாத்தனார் கெஞ்சினாள், ஒன்றும் நடக்கவில்லை. பல்சட்டம், மேகம், எக்ஸ் கிளாஸ் எல்லாம் மெரூன் கம்பளிக்குள் போயின. பிரேக்ஸ்மேன் மட்டும் டியூட்டியில் ஸ்வெட்டர் போடக் கூடாது என்று மறுத்துவிட்டான். ஊட்டி பிளாட்பாரத்தில் யாரோ ஒருவர் அவனிடம் வந்து, திரும்பிப் போற ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறார். ரெண்டு மணிக்கு என்று கொடியை உயர்த்திக்கொண்டே சொன்னானாம்.

ஆனால் பெரிய கூத்து அதற்கு முன்னால் குன்னூரில். அங்கே நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். சின்னவன் ஜன்னலில் தலையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்ஜின் தனியாகப் புகைவிட்டுக்கொண்டு போனதும் ஸ்வெட்டரை இழுத்துக் கழற்றினான். "அம்மா, என் இன்ஜினைக் கழட்டிட்டாங்க. சட்டையிலேருந்தும் பிரிச்சு விடு."

நாலு கோட் பட்டன், ஒரு சட்டை பட்டன், ரெண்டு வரிசை லேஸ், மெகா சீரியல் நீளத்துக்குக் காஜா தையல். பிரிக்க வேண்டுமாம்! முடியாது என்றால் நான் இறங்கி இன்ஜினோட இங்கேயே இருக்கேன் என்கிறான். மாமா பேரன் பக்கம். "அவன் சொல்றது சரிதானம்மா, இங்கிருந்து ஸ்டீம் கிடையாதே."

வழி சொன்னது மகள்தான். சட்டை ஜிப்பா மாதிரி தலைவழியாக மாட்டுவது. கழற்றி முன்பக்கத்தைப் பின்பக்கமாக்கி மாட்டிவிட்டாள். "உன் இன்ஜின் பின்னாடி போயிடுச்சு பாரு." திரும்பித் திரும்பிப் பார்த்தான், தெரியவில்லை, திருப்தியாகிவிட்டது. கழுத்துப் பட்டை தொண்டையை உறுத்த ஊட்டி வரை வந்தான்.

வீடு திரும்பிய மறுநாளே காலண்டர் தாளில் அடுத்த வரைபடம் ஆரம்பமாகிவிட்டது. அடுத்த லீவுக்கு ராமேஸ்வரமாம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே தூக்கும். நாலு சட்டையையும் சேர்த்தால் பாலம், தூக்கும் பகுதி சின்னவன் சட்டையில், ரெண்டு பக்கமும் ஜிப் வைத்து இழுத்தால் பாலம் மேலே போகவேண்டும். கீழே கப்பலுக்கு இடம் விடவேண்டுமாம். இந்த அளவுக்கு எத்தனை இஞ்சு ஜிப் என்று நான் கேட்டதற்கு ஸ்கேலைத் தேடிக்கொண்டிருந்தார்.

சின்னவன் தாளுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தான். "தாத்தா, இதுல நான் யாரைத் தள்ளணும்?"

"டேய், அது கடலுடா!" என்று அத்தை அடுப்படியிலிருந்தே கத்தினார்.