எத்தனை நாளைக்குக் கேட்டுக்கிட்டே இருப்பே?

நான் சொன்னது இவ்வளவுதான்: "எத்தனை நாளைக்கு என்னைக் கேட்டுக்கிட்டே இருப்பே? உனக்கே தெரியும். உன்னை நம்பு."

கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. கையில் இருந்த மருந்துச்சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன், அது ஒன்றுதான் குறை. அந்த ஒரு குறைக்குள்தான் எல்லாமே இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

மருந்து கவுன்ட்டரில் எனக்குக் கீழே வேலை பார்க்கும் சின்னப் பெண் அவள். அன்றைக்கு என்னிடம் வந்தது பதினோராவது தடவை. எண்ணிக்கொண்டே இருந்தேன் பாருங்கள், அதிலேயே என் மனநிலை தெரியும். பெரிய சந்தேகங்களும் இல்லை. "இது சாப்பாட்டுக்கு முன்னாடிதானே அக்கா?" "இந்த ஆன்டிபயாட்டிக் அஞ்சு நாள்தானே அக்கா?" கேள்வியிலேயே விடை இருக்கும், நான் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. இந்தப் பெண்ணுக்குப் பாடம் தெரியும், தைரியம்தான் போதவில்லை, அதை யாராவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொன்னேன். இன்றைக்கும் பாதி மனது அதைச் சரி என்றுதான் சொல்கிறது.

அதற்கப்புறம் அவள் கேட்பது குறைந்தது. மூன்று, நான்கு, சில நாட்களில் ஒன்றுகூட இல்லை. நான் சொன்னது வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மெத்தோட்ரெக்ஸேட் சீட்டு வந்தது.

மருந்து கொடுக்கும் இடத்தில் நிற்பவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முதுகு நிமிரும். முடக்குவாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். வாரத்துக்கு 7.5 மில்லிகிராமில் தொடங்கி 25 வரை போகும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வேறொரு நாளுக்குத் தள்ளி எழுதுவார்கள். தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் வாய் முழுக்கப் புண் வரும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது குறைந்துபோகும். அப்படிச் செத்தவர்களும் உண்டு. இந்தத் தவறு நடக்கும் வழிகளில் ஒன்று கேட்பதற்கே அற்பமானது. ஆங்கிலத்தில் மண்டே, மார்னிங் இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றுதான். மூன்றாவது எழுத்தில்தான் வித்தியாசம், அது 'என்'னா 'ஆர்'ஆ என்பது எழுதியவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. திங்கட்கிழமை என்று எழுதியது தினமும் காலை என்று ஆகிவிடும்.

அப்படியேதான் ஆனது. 10 மில்லிகிராம், தினமும் காலையில் ஒன்று என்று லேபிள் ஒட்டிக் கொடுத்துவிட்டாள்.

நாற்பது நிமிடம் கழித்து என் மேசைக்கு வந்தாள். எதிரில் நிற்கவில்லை, பக்கவாட்டில் நின்றாள். "அக்கா, மெத்தோட்ரெக்ஸேட் பத்து மில்லிகிராம் தினமும் குடுப்பாங்களா?" பொதுவாக ஒரு சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். எனக்கு மட்டும் கை சில்லிட்டுப் போனது. சீட்டைத் தேடி எடுத்து, எழுதிய மருத்துவரைக் கேட்டு, நோயாளிக்குப் போன் போட்டு, எதிர்முனையில் அவர் எடுக்கும்வரை நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் அட்டையைப் பிரிக்கவே இல்லை. மறுநாள் காலையில் தொடங்கலாம் என்று எடுத்து வைத்திருந்தார். லேபிளை மாற்றிக் கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு கேட்டேன். "குடுக்கும்போது தோணலையா?"

"தோணுச்சு அக்கா. டாக்டரே எழுதியிருக்காங்க, எனக்குத்தான் தெரியலையோன்னு நினைச்சேன்."

"நீங்கதானே கேட்காதேன்னு சொன்னீங்க" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கேட்காதே என்று நான் எப்போது சொன்னேன், உன்னை நம்பு என்றுதானே சொன்னேன் என்று சண்டை பிடித்து, ஜெயித்து, மறந்தும் போயிருப்பேன். அவள் அந்த வாய்ப்பையே தரவில்லை.

அவளுடைய அந்தப் பதிலைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, சரியான இடத்தில் வந்திருக்கிறது. அந்தச் சந்தேகத்தின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தன்னம்பிக்கை இல்லாதவர்கள்தான் ஓயாமல் கேட்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். பதினோரு தடவை கேட்ட அன்றைக்கு அவளால் ஒரு ஆபத்தும் இல்லை. வாயை மூடிக்கொண்ட அன்றைக்குத்தான் வந்தது.

இதிலிருந்து எனக்குச் சாதகமாக ஒரு வாதத்தைக் கட்டிக்கொண்டேன். 'உன்னை நம்பு' என்பதை அவள் ஒழுங்காகக் கேட்டிருந்தால் தன் சந்தேகத்தை நம்பியிருப்பாள், வந்து கேட்டிருப்பாள். ஆகவே என் அறிவுரையில் பிழை இல்லை! இரண்டு நாள் இந்த வாதத்தோடு நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் அது நிற்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'எத்தனை நாளைக்கு' என்று ஆரம்பித்துச் சொன்னால் முதல் வாக்கியம்தான் காதில் ஏறும். பின்னால் வரும் 'உன்னை நம்பு', வாசலைக் காட்டிவிட்டு 'பத்திரமாப் போயிட்டு வா' என்பது மாதிரி.

சம்பவ அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'வேலைப்பளு, கையெழுத்துத் தெளிவின்மை' என்று எழுதினேன். இரண்டும் உண்மைதான், அன்றைக்கு ஆள் குறைவு. நான் சொன்ன வாக்கியத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 'இதர' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டேன்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று 1977-இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்துப் பார்ப்பது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பில் இருக்கும் பதற்றம் அல்லது நிதானம். இதில் பலமானது முதலாவது. வார்த்தை அவ்வளவு தூரம் தாங்காது. நான் கையில் எடுத்தது அந்த வார்த்தையைத்தான். செலவில்லாதது, கண்ணை எடுக்காமலே கொடுத்துவிடலாம்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் வந்ததற்கு நேரமின்மை மட்டும் காரணமில்லை. அவள் திரும்பிப் போனதும் பாதி நேரம் நான் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்ப்பேன். தலையாட்டிய பிறகு சரிபார்ப்பது! பதினைந்து வருடம் ஆகியும், சீட்டில் தசமப் புள்ளியைக் கண்டால் மூன்று தடவை பார்ப்பேன். 1.0 என்று எழுதியதில் புள்ளி மங்கினால் பத்து ஆகிவிடும், .5 என்று எழுதியதில் புள்ளி தொலைந்தால் ஐந்து. அதைப் பார்ப்பது வேலையின் கவனம்தான். ஆனால் யாரும் பார்க்காதபோது மட்டும் பார்க்கிறேனே, அதற்கு என்ன பெயர்?

பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் இதைப் பற்றி எழுதினார்கள். படித்து, உழைத்து, சாதித்த பெண்கள்கூட, தாங்கள் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்றும் உள்ளுக்குள் நினைக்கிறார்கள் என்று. முதலில் படித்தபோது, அப்பாடா, எனக்கு மட்டும் இல்லை என்று இருந்தது. கொஞ்ச நாளில் அந்த ஆறுதல் உறுத்தத் தொடங்கியது. திறமைசாலிகளுக்கு இந்தப் பயம் உண்டு என்றால், இந்தப் பயம் உள்ள எல்லோரும் திறமைசாலிகள் என்று ஆகிவிடுமா?

அவளுடைய ஒவ்வொரு கேள்வியும் எனக்கு வைத்த பரீட்சை. அதை நிறுத்தச் சொல்ல எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை 'உன்னை நம்பு'. இப்படி எழுதிப் பார்க்கும்போது என்னையே ரொம்பக் கெட்டவளாகக் காட்டிக்கொள்கிறேனோ என்றும் படுகிறது. அவள் நன்றாக வர வேண்டும் என்றும் நினைத்தேன். அதுவும் பொய்யில்லை.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நோக்கம் வேண்டும் என்பார்கள். பெரிதாக எதையும் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. தினமும் ஒரு தடவையாவது, எனக்கு நிச்சயமில்லாத ஒன்றை, சின்னவர்கள் காதில் விழும்படி யாரிடமாவது கேட்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் தொண்டை அடைத்தது. "இது எனக்குச் சரியாத் தெரியலை, கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல மத்தியானம் ஆகிவிட்டது. இப்போது பழகிவிட்டது, அதனாலேயே சில நாள் நாடகமாகவும் ஆகிவிடுகிறது. சந்தேகமே வராத நாளில் ஒன்றைக் கண்டுபிடித்துக் கேட்கிறேன், அது அவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். போன வாரம் ஒருநாள் சுத்தமாக மறந்துபோனேன். வீட்டுக்கு வந்துதான் ஞாபகம் வந்தது. யோசித்தால், அந்த வாரத்திலேயே நிம்மதியாக வேலை பார்த்தது அன்றைக்குத்தான்.

குழந்தைகளுக்கான அளவுகளை இப்போது இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறோம். ஒருவர் விடையை மற்றவர் பார்க்கக்கூடாது. பார்த்துவிட்டால் மனது அந்த எண்ணையே சரி என்று சொல்லும். நேற்று 12 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்குப் பாராசிட்டமால் சிரப், கிலோவுக்கு 15 மில்லிகிராம். 180 மில்லிகிராம் வேண்டும். அவள் தன் விடையை எழுதிக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் போட்டேன், 7.5 மில்லி. அவள் காகிதத்தைப் பிரித்தாள், 7.2.

இவ்வளவு சின்ன வித்தியாசத்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் இரண்டும் சரியாக இருக்க முடியாதே. நான் மறுபடி போட்டேன், மறுபடி 7.5 தான் வந்தது. "நீ இன்னொரு தடவை பாரேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் இருந்த பாட்டிலை மெதுவாகத் திருப்பி, லேபிள் என் பக்கம் இருக்கும்படி வைத்தாள். 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். நான் பழைய கம்பெனி பாட்டிலின் 120-ஐ மனதில் வைத்துக்கொண்டு போட்டிருக்கிறேன்.

7.2 என்று லேபிளில் எழுதிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள். "அக்கா, நீங்க தப்பாப் போட்டிருக்கீங்க" என்று வாய் திறந்து சொல்லியிருக்கலாம். மரியாதைக்காகச் சொல்லவில்லையா, இல்லை இன்னும் என்னிடம் சொல்லப் பயமா? கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் கவுன்ட்டரில் ஆள் சேர்ந்துவிட்டது.