லான்சரோட்டே நாட்குறிப்பு: எதிர்காற்று

பிப்ரவரி 8, சனி

பிராங்பர்ட்டில் விமானம் ஏறும்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேவில் இறங்கியதும் முதல் வேலையாக ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். ஐரோப்பாவின் சைக்கிள்காரர்கள் குளிர்காலத்தில் இந்தத் தீவுக்கு ஏன் படையெடுக்கிறார்கள் என்பது விமான நிலைய வாசலிலேயே விளங்கிவிட்டது. பெட்டி எடுக்கும் இடத்தில் கால்முடி மழித்த ஆண்களே அதிகம். மழிக்காதவர்கள் நானும் மச்சானும்தான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வயது 52, தொழில் கணக்குத் தணிக்கை. சைக்கிள் விட்டு இருபது வருடமாகிவிட்டது என்கிறார். வழியெல்லாம் வரைபடத்தைத் தணிக்கை செய்துகொண்டே வந்தார். "மாப்பிள்ளை, இந்தத் தீவின் உச்சியே 671 மீட்டர்தானாம். நம் ஏற்காடு இதைவிட இரண்டு மடங்குக்கு மேல். இதற்கு ஒரு வாரம் விடுப்பா?"

கோஸ்தா தெகீசேயில் வாடகை சைக்கிள் எடுத்தோம். பின்சக்கரத்தில் 34 பல் உள்ள கியர் வேண்டும் என்று எழுதி, பணமும் கட்டியிருந்தேன்; பின்னால் பல் கூடக்கூட ஏற்றத்தில் மிதிப்பது லேசு. என்னிடம் தள்ளிவிடப்பட்டதில் 28 பல். கேட்டால், "இங்கே எல்லோரும் இதில்தான் ஏறுகிறார்கள்" என்று பதில். எதுவும் எழுதிக் கேட்காத மச்சானுக்கு 34 வாய்த்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று எனக்கு நல்ல பாடம் கிடைத்தது. பொறுமையாக எழுத வேண்டும்.

முதல் நாள் என்பதால் தெற்கே லா ஹேரியா வழியாக யாய்சா வரை போய், திமன்ஃபாயா எரிமலைப் பூங்காவுக்குள் புகுந்து திரும்பலாம் என்பது என் திட்டம். காலையில் சைக்கிள் பறந்தது. மிதிக்கவே தேவையில்லை போலிருந்தது. மணிக்கு 35 கிலோமீட்டர் காட்டியது. குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் நின்ற சைக்கிளில் மிதித்தது வீண்போகவில்லை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

லா ஹேரியாவில் திராட்சைத் தோட்டம் பார்க்க நின்றோம். தோட்டம் என்றால் பந்தலும் பச்சையும் மனதில் வரும். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் கரிய சரளை. அதில் ஆயிரக்கணக்கில் குழிகள், ஆள் இறங்கினால் தலை மறையும் ஆழத்தில்கூட. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரே ஒரு கொடி. குழியின் விளிம்பில் பிறை வடிவில் கல் அடுக்கிய குட்டைச் சுவர், சாந்து பூசாதது. 1730 முதல் 1736 வரை ஆறு வருடம் எரிமலை கக்கியதில் தீவின் நான்கில் ஒரு பங்கு நிலம் மூடிப்போனது. மிஞ்சியவர்கள் சாம்பலைத் தோண்டி, அடியிலிருந்த பழைய மண்ணில் கொடியின் வேர் படும்படி நட்டார்கள். சாலையோரத்தில் குனிந்து அந்தச் சரளையை விரலால் கிளறினேன். இங்கே அதை பிகோன் என்கிறார்கள். மேலே மொறுமொறுவென்று காய்ந்த பொரி மாதிரி, எடையே இல்லை. இரண்டு விரற்கடை ஆழத்தில் கறுப்பு கூடியது. நான்கு விரற்கடையில் விரல் நுனி ஈரமானது. பல இடங்களில் வருடத்துக்கு 150 மில்லிமீட்டர் மழைகூட இல்லாத ஊர் இது. இரவுப் பனியை அந்தத் துளைக்கல் குடித்து வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கொடுக்காமல் வேருக்குக் கொடுக்கிறது.

மச்சான் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாச் சுவரும் ஏன் ஒரே பக்கமாக இருக்கிறது?" அழகுக்காக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அட முட்டாளே.

யாய்சாவில் காபி குடித்துவிட்டு வடக்கே திரும்பியதும் தெரிந்தது. முகத்தில் கை வைத்துத் தள்ளுவது போல ஒரு காற்று. வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று, பழைய பாய்மரக் கப்பல்களை அமெரிக்காவுக்குத் தள்ளிவிட்ட அதே காற்று. காலையில் என்னைத் தள்ளியதும் இதுதான். என் தொடை அல்ல. சுற்றுலா ஒட்டகங்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி, திமன்ஃபாயாவின் நெடுஞ்சாலை நூல் பிடித்தது போல மேலே போகிறது. இரு பக்கமும் உழுது போட்ட மாதிரி உறைந்த எரிமலைக் குழம்பு. ஒதுங்க ஒரு மரம் இல்லை. மணிக்கு 11 கிலோமீட்டர். இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருந்தது. இறக்கத்தில்!

தெகீசே வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுச் சந்தை முடிந்து கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் பொறி தட்டியது. அந்தப் பிறைச் சுவர்கள் கொடிக்குக் காற்று மறைப்பு. காற்று வரும் பக்கம் எதுவென்று குழிக்குக் குழி கல்லால் அடுக்கிக் காட்டியிருக்கிறார்கள். நான் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

தொடை வலி. வண்டியைத் தொடவில்லை.

எரிமலை வெடித்தபோது யாய்சாவின் பாதிரியார் ஆந்த்ரெஸ் லொரென்சோ குர்பெலோ எழுதிய நாட்குறிப்பைப் படித்தேன். 1730 செப்டம்பர் 1 இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் நிலம் பிளந்தது என்று தொடங்குகிறது. எந்த ஊர் எப்போது போனது, குழம்பு எந்தப் பக்கம் திரும்பியது என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டே போகிறார். அலறல் இல்லை. கடைசியில் தன் மக்களோடு கிரான் கனாரியா தீவுக்குப் போய்விட்டார். நானோ தொடை வலிக்கு ஒரு பத்தி எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கலிமா. ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சகாராவின் தூசி. வானம் மோர்க்குழம்பு நிறம், பல்லில் மணல். மச்சான் ஜன்னலைச் சாத்திவிட்டு, நாளைய வழித்தடத்தை நான்காவது முறையாகச் சரிபார்த்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்றும் தூசி. இன்று பழைய வடகிழக்குக் காற்று திரும்பிவிட்டது. அது வந்ததில் சந்தோஷப்படுவேன் என்று ஞாயிற்றுக்கிழமை யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

வடக்குச் சுற்று, கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். இம்முறை கடனை முதலிலேயே அடைக்கும் ஏற்பாடு: போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகில். குவாத்திசா, மாலா ஊர்களில் சப்பாத்திக்கள்ளி வயல்கள். மடல்களில் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி ஒட்டியிருப்பது சாயப்பூச்சி. ஒன்றை நசுக்கினால் விரல் குங்குமமாகிவிடுகிறது. அந்த விரலோடுதான் அரியேத்தா வரை ஹாண்டிலைப் பிடித்தேன்.

அங்கே கடலோரத்தில் தபயெஸ்கோ ஏற்றம் தொடங்குகிறது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர், சராசரி 5 சதவீதச் சாய்வு. காகிதத்தில் சாது. பள்ளத்தாக்கு மேற்கே ஏறுவதால் காற்றும் கொஞ்சம் தள்ளிவிட்டது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் திசை மாறும்போது பக்கவாட்டில் ஒரு அறை விழுந்தது. ஆறாவது கிலோமீட்டரில் என் 28 பல் அழத் தொடங்கியது. நின்று மிதித்தேன். பக்கத்தில் ஒரு சக்கரம் சத்தமில்லாமல் வந்தது. மச்சான். வாய் மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, 34 பல்லின் லேசான கியரில் தையல் இயந்திரம் மாதிரி மிதிக்கிறார். "மெதுவாக வாருங்கள் மாப்பிள்ளை, அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேலே சேர்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் அரீயாவுக்கு இறங்கினோம். பனைமரங்களுக்கு நடுவே வெள்ளை வீடுகள். தீவு முழுக்க உயரமான கட்டடங்களோ விளம்பரப் பலகைகளோ கண்ணை உறுத்தாததற்குக் காரணம், இங்கே பிறந்த ஓவியர் சேசர் மன்ரீக்கே ஒற்றைக்காலில் நின்றது. 1992இல் அவர் உயிரைப் பறித்தது ஒரு சாலை விபத்து.

மாகெஸ், யே ஊர்களைத் தாண்டி மிராதோர் தெல் ரியோ என்ற காட்சிமுனை. அதுவும் மன்ரீக்கே செதுக்கியதுதான். முன்பு பீரங்கி நின்ற பாறை. 475 மீட்டர் கீழே கடல், அதற்கப்பால் லா கிராசியோசா தீவு தட்டில் வைத்த அப்பம் போல. எல்லோரும் உள்ளே சென்று கண்ணாடி வழியே பார்த்தார்கள். நாங்கள் வெளியே சுவரோரம் குத்தவைத்து வாழைப்பழம் தின்றோம். எந்தப் பக்கச் சுவர் என்று இப்போது தெரியும்.

திரும்பும்போது காற்று முதுகில். அரியேத்தாவிலிருந்து தெற்கே மணிக்கு 40. இம்முறை என்னை நானே தட்டிக்கொடுக்கவில்லை. மச்சான் மட்டும் முன்னால் ஏதோ பழைய பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு போனார். காற்று அதைக் கொண்டுபோனதால் எந்தப் பாட்டு என்று தெரியவில்லை.

பிப்ரவரி 15, சனி

வண்டிகளை ஒப்படைத்தாயிற்று. என் ஹாண்டிலில் சிவப்புக் கறை இருக்கிறது என்று வாடகைக்காரர் துடைப்புக் கட்டணம் கேட்டார். 28 பல்லைக் காட்டினேன். பேச்சு நின்றது.

விமானத்தில் மச்சான் கைப்பேசியில் சைக்கிள் விலைகள் பார்த்துக்கொண்டே வருகிறார். 34 பல் உள்ளது. அவர் மனைவியிடம் நான் மூச்சு விடக்கூடாதாம்.