டிஸ்க் போச்சு என்றார்கள், போகவில்லை

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் லேப்டாப் பாஸ்வேர்டை மாற்றித் தொலைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் சுத்தமாக ஞாபகம் இல்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் படபடவென்று அடித்ததில், பத்தாவது தடவை கணக்கு பூட்டப்பட்டதாகச் சொல்லிவிட்டது. அந்த மெஷினில் எல்லா அதிகாரமும் உள்ள ஒரே அட்மின் கணக்கு அதுதான். டேலி என்ற கணக்கு மென்பொருளில் போட்ட மூன்று வருட டேட்டா உள்ளே.

முதல் தப்பு இங்கேதான். 2022 கடைசியிலிருந்து வந்த விண்டோஸ் 11-இல், பத்து முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டு, அவ்வளவுதான். ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தால் தானே விட்டிருக்கும். நானோ யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறி, பையில் போட்டுக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடினேன்.

கடைத் தம்பி, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போய், நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் செக்யூர் பூட் என்பதை அணைத்துவிட்டு பென்டிரைவ் போட்டுப் பார்த்தார். டிரைவ் திறக்கவில்லை. “அண்ணா, டிஸ்க் போச்சு. புதுசுதான் போடணும். டேட்டா வராது.” உண்மையில் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் சங்கேதமாக்கிப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தது. அதன் சாவி இல்லாமல் வெளியிலிருந்து பார்த்தால் அப்படிப் பூட்டிய எந்த டிஸ்க்கும் அப்படித்தான் தெரியும். அது தெரியாமலே என் லேப்டாப்புக்கு மரணச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். நல்லவேளை, அன்றைக்குக் கையில் பணம் இல்லை.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் நீலத் திரை, பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவி கேட்கிறது. ஒரு பிரச்சினையோடு போனவன் இரண்டோடு திரும்பியிருந்தேன். வாங்கிய புதிதில் இதை செட் பண்ணிக் கொடுத்தவன் அக்கா மகன்; அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் முதலில் திறந்தான். போன் போட்டதும், “மாமா, சாவி என் கணக்குலதான் இருக்கும்” என்றான். அங்கே மூன்று லேப்டாப்புகளின் சாவி. திரையில் தெரியும் சாவி ஐடியின் முதல் எட்டு எழுத்தை ஒப்பிட்டு எதுவென்று கண்டுபிடித்தோம். அவன் ஆறாறு இலக்கமாக வாசிக்க, நான் அடித்தேன். கடையில் அணைத்த செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்திருந்தாலே சாவி கேட்காமல் போயிருக்கலாம் என்று அப்புறம் சாவகாசமாகச் சொல்கிறான்!

சரி, லாகின் திரை வந்தது. பாஸ்வேர்டை ஒரே ஒரு முறை தப்பாக அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். பெட்டிக்குக் கீழே, பாஸ்வேர்டை மாற்றுவதற்கான பொடி லிங்க். முதல் நாளே அது அங்கே இருந்திருக்கும். நான் அடித்த வேகத்தில் கண்ணில் படவில்லை.

அதை அழுத்தினால், கணக்கு தொடங்கும்போது நான் பதில் கொடுத்து வைத்த மூன்று கேள்வி. நாய்க்குட்டி பெயர் சுலபம். பெற்றோர் சந்தித்துக்கொண்ட ஊர்? எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போன ஊர் கும்பகோணம், அதுவும் சரி. மூத்த கசின் யார் என்பதில்தான் மாட்டினேன். பெரியப்பா மகனா, அத்தை மகளா, மாமா மகனா? வயது வரிசையில் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தேன். நான்காவது முயற்சியில், என்னைவிட இரண்டே மாதம் மூத்த சித்தி மகன் பெயர் பொருந்தியது. அன்றைக்கு என்ன நினைப்பில் அவனை மூத்தவன் ஆக்கினேனோ!

முதல் வேலையாக இன்னொரு அட்மின் கணக்கு உருவாக்கினேன். அந்த 48 இலக்கமும் இப்போது ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. கடையில் “பார்த்த கூலி” என்று வாங்கிய 300 ரூபாய்தான் இன்னும் ஜீரணமாகவில்லை.